காசுக்கு வாங்கிய எறும்பு

தென் சீனத்தின் பழைய சந்தைகளில் எறும்பு விற்றார்கள். பட்டிழையால் இலைகளை ஒட்டித் தைத்த கூட்டை, அது தொங்கும் கிளையோடு ஒடித்து, கோரைப் பைக்குள் போட்டுக் கொண்டுவருவார்கள். வாங்குகிறவர் ஆரஞ்சுத் தோட்டக்காரர். தோட்டத்துக்குப் போய் அந்தக் கிளையை மரத்தில் கட்டிவிட்டால், பூச்சியை எறும்பு பார்த்துக்கொள்ளும்.

இந்தச் செய்தி, சின் வம்சத்து அதிகாரி ஜி ஹான் பெயரில் வழங்கும் தென்னாட்டுத் தாவர நூல் ஒன்றில் இருக்கிறது. அந்த எறும்பு இல்லாத மரத்தின் பழங்களைப் பூச்சி கெடுத்துவிடும், ஒன்றுகூட முழுதாகத் தேறாது என்று நூல் சொல்கிறது. நூலின் காலம் கி.பி. 304 என்பது மரபு. பிற்காலத்தார் சேர்த்தவையும் அதில் உண்டு என்று வாதிடும் அறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையே ஏற்றாலும், 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாங் காலத்து லியூ சுன் இதே வணிகத்தைப் பதிவு செய்திருக்கிறார். ஆக, ஆயிரத்து நூறு ஆண்டுகளாவது பழையது இந்தத் தொழில். பழமரத்தைக் காக்க ஒரு பூச்சியை மற்றொரு பூச்சியின் மீது மனிதன் தெரிந்தே ஏவியதற்கு இதைவிடப் பழைய எழுத்துச் சான்று உலகில் இல்லை.

அந்த எறும்பு நமக்குப் புதியதல்ல. மாந்தோப்பில் ஏறினால் கழுத்திலும் கையிலும் கடித்துத் தொங்குமே முசுறு, அதே இனம்தான். வேலைக்கார எறும்புகள் வரிசையாக நின்று இலை ஓரங்களை இழுத்துப் பிடிக்க, வேறு சில எறும்புகள் புழுப் பருவத்தில் இருக்கும் குஞ்சுகளை வாயில் கவ்விக்கொண்டு வந்து, அவை சுரக்கும் பட்டிழையால் இலைகளை ஒட்டும். ஒரே ராணியின் குடும்பம் பல மரங்களில் பரவி வாழும். தன் எல்லைக்குள் வரும் நாற்றப்பூச்சி, இலை தின்னும் வண்டு, கம்பளிப்புழு எதையும் விடாது. கூட்டமாக இழுத்துப் பிய்த்துக் கூட்டுக்குக் கொண்டுபோகும்.

சீனத் தோட்டக்காரர்கள் வாங்கி விட்டதோடு நிற்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் சுவாங் சுவோ எழுதிய குறிப்பின்படி, எறும்பு பிடிப்பதற்கென்றே சில குடும்பங்கள் இருந்தன. பன்றி அல்லது ஆட்டின் சிறுநீர்ப்பைக்குள் கொழுப்பைத் தடவி, வாயைத் திறந்து கூட்டின் பக்கத்தில் வைப்பார்கள். எறும்புகள் உள்ளே நிறைந்ததும் எடுத்துக்கொண்டு விற்கப் போவார்கள். 17ஆம் நூற்றாண்டில் குவாங்டோங் மாநிலத்தைப் பற்றி எழுதிய சூ தாஜுன், மரத்துக்கு மரம் மூங்கிலும் பிரம்பும் கட்டிப் பாலம் போடும் வழக்கத்தைச் சொல்கிறார். எறும்பு தரையில் இறங்காமலே தோட்டம் முழுக்கச் சுற்றிவர அந்தப் பாலம். குளிர்காலத்தில் ஆரஞ்சு மரத்தில் எறும்பு தாக்குப்பிடிக்காது என்பதைக் கண்டு, இலை அடர்ந்த பம்ப்ளிமாஸ் மரங்களை இடையிடையே வைத்தார்கள். பனிக்காலத்தை அதில் கழித்துவிட்டு வெயில் வந்ததும் எறும்பு மறுபடி ஆரஞ்சுக்கு வரும். இத்தனை நுட்பமும் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததல்ல. மரத்தடியில் நின்று பல தலைமுறை பார்த்த கண்களில் பிறந்தது.

சீனாவுக்கு வெளியேயும் இப்படிப் பார்த்தவர்கள் உண்டு. டென்மார்க் அரசர் அனுப்பிய அரேபியப் பயணக் குழுவில் இருந்த இயற்கையியலாளர் பேட்டர் ஃபோர்ஸ்கோல், ஏமன் நாட்டுப் பேரீச்சைத் தோட்டக்காரர்கள் மலைப்பகுதியிலிருந்து ஒருவகை எறும்புக் கூடுகளை ஆண்டுதோறும் கொண்டுவந்து மரங்களில் கட்டுவதைக் கண்டு எழுதினார். பேரீச்சையைக் கெடுக்கும் இன்னொரு எறும்பை அது வேட்டையாடியது. ஃபோர்ஸ்கோல் 1763-ல் ஏமனிலேயே இறந்துபோனார். அவருடைய குறிப்புகள் 1775-ல் அச்சாயின.

ஐரோப்பியரும் அமெரிக்கரும் இவற்றைப் படித்தார்கள், வியந்தார்கள், மறந்தார்கள். நினைக்க வைத்தது ஒரு பேரிழப்பு.

1868-ல் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அக்கேசியா மரம் ஒன்றில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. அது ஒரு செதில் பூச்சி. பெண் பூச்சி தன் உடலின் பின்னால் பஞ்சுப் பொதி போன்ற மெழுகுப் பையைக் கட்டி அதற்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். இருபது ஆண்டுகளுக்குள் அது தெற்கே லாஸ் ஏஞ்சலஸ் வரை இறங்கி ஆரஞ்சுத் தோட்டங்களைப் பிடித்துக்கொண்டது. மரங்கள் பனி பெய்தாற்போல் வெளுத்து, இலை கொட்டி, காய்ந்தன. மண்ணெண்ணெய்க் கரைசலும் திமிங்கலக் கொழுப்புச் சோப்பும் அடித்துப் பார்த்தார்கள். மரத்தைக் கூடாரத்தால் மூடி உள்ளே சயனைடு புகை போடும் முறையும் 1886-ல் அங்கேதான் பிறந்தது. எதுவும் போதவில்லை. மரத்தை வேரோடு பிடுங்கி எரித்தவர்கள் பலர்.

அமெரிக்க வேளாண் துறையின் தலைமைப் பூச்சியியலாளர் சார்லஸ் ரைலி வேறு விதமாக யோசித்தார். இந்தப் பூச்சி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அங்கே அது ஒரு தொல்லையே அல்ல. அப்படியானால் அங்கே அதை அடக்கி வைத்திருப்பது யார்? அடிலெய்டில் இருந்த ஃப்ரேசர் கிராஃபர்ட், அதன் உடலுக்குள் வளர்ந்து அதைக் கொல்லும் ஒரு சிறு ஈயைக் கண்டுபிடித்துத் தகவல் அனுப்பியிருந்தார். ஆளை அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அதற்கும் தடை இருந்தது: துறையின் பூச்சியியலாளர்கள் அரசுச் செலவில் வெளிநாடு போகக்கூடாது என்று நாடாளுமன்றம் விதித்திருந்தது. 1888-ல் மெல்போர்னில் நடந்த சர்வதேசக் கண்காட்சிக்குப் போகும் அமெரிக்கக் குழுவில் ஆல்பர்ட் கோபெலே என்ற ஜெர்மானியரைச் சேர்த்து, வெளியுறவுத் துறைக் கணக்கில் அனுப்பிவைத்தார்கள்.

கோபெலே அந்த ஈயைத்தான் தேடிப் போனார். சேகரித்து ஆயிரக்கணக்கில் அனுப்பவும் செய்தார். ஆனால் 1888 அக்டோபரில் வட அடிலெய்டில் ஒரு தோட்டத்தில், செந்நிறமும் கறுப்பும் கலந்த சிறு பொறிவண்டு ஒன்று அந்தச் செதில் பூச்சியைத் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தார். அதையும் பிடித்துக் கப்பலின் பனிக்கட்டி அறையில் வைத்து அனுப்பினார். நவம்பர் இறுதியில் முதல் தவணையாக 28 வண்டுகள் வந்து சேர்ந்தன. டிசம்பரில் 44. ஜனவரியில் 57. மொத்தம் 129. லாஸ் ஏஞ்சலஸில் உல்ஃப்ஸ்கில் தோட்டத்தில், பூச்சி பிடித்த ஓர் ஆரஞ்சு மரத்தைத் துணிக்கூடாரத்தால் மூடி, உள்ளே விட்டார்கள்.

1889 ஏப்ரலில் அந்த மரத்தில் செதில் பூச்சி இல்லை. கூடாரத்தைத் திறந்துவிட்டார்கள். பக்கத்து மரங்கள் தெளிந்தன, பிறகு அடுத்த தோட்டம். விவசாயிகள் டப்பாவோடும் பெட்டியோடும் வந்து வண்டு வாங்கிப் போனார்கள். ஜூன் மாதத்துக்குள் அந்த ஒரு தோட்டத்திலிருந்து மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வண்டுகள் மற்ற தோட்டங்களுக்குப் போயிருந்தன. ஓராண்டுக்குள் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்திலிருந்து வெளியேறிய ஆரஞ்சு 700 ரயில் பெட்டிகளிலிருந்து 2000-க்கு உயர்ந்தது. இதற்கான செலவு 5000 டாலரைத் தொடவில்லை. நன்றி சொல்ல விவசாயிகள் கோபெலேவுக்குத் தங்கக் கடிகாரமும் அவர் மனைவிக்கு வைரக் காதணியும் கொடுத்தார்கள்.

வெடாலியா என்று பேர்பெற்ற அந்த வண்டின் பலம் அதன் பிடிவாதத்தில் இருக்கிறது. அந்த ஒரு செதில் பூச்சி வகையைத் தவிர வேறெதையும் அது பெரிதாகச் சீண்டாது. இரை குறைந்தால் அதுவும் குறையும். இரை பெருகினால் அதுவும் பெருகும். ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விடும்போது பார்க்க வேண்டிய முதல் குணம் இதுவே. அதைப் பார்க்காமல் செய்தவர்கள் பட்ட பாடும் வரலாற்றில் இருக்கிறது. 1762-ல் மொரீஷியஸ் தீவின் வெட்டுக்கிளித் தொல்லைக்கு இந்தியாவிலிருந்து மைனாக்களைக் கொண்டுபோய் விட்டார்கள். வெட்டுக்கிளி அடங்கியது. ஆனால் கண்டதையும் தின்னும் மைனா, பின்னாளில் தான் குடியேறிய தீவுகள் பலவற்றில் உள்ளூர்ப் பறவைகளின் கூட்டையும் பழத்தோட்டத்தையும் கெடுத்தது. 1935-ல் கரும்பு வண்டைத் தின்னும் என்று ஹவாயிலிருந்து ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்த தேரை, கரும்பைக் காக்கவும் இல்லை, நாட்டை விட்டுப் போகவும் இல்லை. உயிரை உயிரால் அடக்குவது என்ற பெயரிருந்தால் போதாது. எது எதைத் தின்னும், வேறு எதைத் தின்னாது என்று சோதித்த பிறகே செய்ய வேண்டிய வேலை இது.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதையில் நேரடிப் பங்கு உண்டு. நீலகிரியில் விறகுக்காக வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் நட்டது ஆஸ்திரேலிய வாட்டில் மரம், நாம் சீகை என்று சொல்வது. 1928-ல் அந்த மரங்களில் அதே பஞ்சுப்பொதிச் செதில் பூச்சி தென்பட்டது. அது மலையிலிருந்து இறங்கிவிட்டால் எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி எதுவும் மிஞ்சாது என்பது வேளாண் துறைக்குத் தெரியும். அடுத்த ஆண்டே கலிஃபோர்னியாவிலிருந்து வெடாலியாவை வரவழைத்து ஊட்டிப் பக்கம் விட்டார்கள்; எகிப்திலிருந்தும் வரவழைத்தார்கள். வண்டு நிலைத்தது, பூச்சி அடங்கியது. ஆஸ்திரேலிய மரம், ஆஸ்திரேலியப் பூச்சி, அதை அடக்க ஆஸ்திரேலிய வண்டு, மூன்றும் வெவ்வேறு வழியில் வந்து சேர்ந்த இடம் நம்முடைய மலை.

அதற்கு முப்பது ஆண்டு முன்பே, 1898-ல், இன்னொரு ஆஸ்திரேலியப் பொறிவண்டு தென்னிந்தியாவுக்கு வந்துவிட்டது. கிரிப்டோலேமஸ் என்பது அதன் பெயர். காப்பிச் செடியின் பச்சைச் செதில் பூச்சியைத் தின்னும் என்று கொண்டுவந்தார்கள். அந்த வேலையை அது செய்யவில்லை. ஆனால் சத்தமில்லாமல் தங்கிவிட்டு, மாவுப்பூச்சியைத் தின்று பிழைத்தது. இன்று திராட்சைக்கும் கொய்யாவுக்கும் காப்பிக்கும் மாவுப்பூச்சி வந்தால் ஆய்வுக்கூடங்களில் வளர்த்து விடும் வண்டு அதுதான்.

சப்பாத்திக்கள்ளியின் கதை இன்னும் பழையது. கள்ளியில் வாழ்ந்து சிவப்புச் சாயம் தரும் பூச்சியை வளர்க்க வேண்டும் என்று 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆசைப்பட்டது. சென்னையில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் அதற்கென்றே கள்ளித் தோட்டம் போட்டார். 1795-ல் பிரேசிலிலிருந்து ஒரு கப்பல் தலைவர் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து சேர்த்த பூச்சி, நல்ல சாயம் தரும் இனம் அல்ல. சாயத் தொழில் படுத்துவிட்டது. ஆனால் வந்த பூச்சி ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியைச் சாறுறிஞ்சிச் சாகடித்தது. அதைக் கவனித்தவர்கள் 1836 முதல் 1838 வரை வேண்டுமென்றே அதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். களையை அடக்கப் பூச்சியைப் பயன்படுத்தியதில் உலகத்தின் முதல் வெற்றி அது. வேறொரு வகைக் கள்ளி மட்டும் அதற்கு மசியாமல் வேலி ஓரத்திலிருந்து மேய்ச்சல் நிலம் வரை அடைத்துக்கொண்டது. 1926-ல் இலங்கையிலிருந்து அதற்கேற்ற இன்னொரு பூச்சி வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மதராஸ் மாகாணத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் முள்ளிலிருந்து மீண்டது. மண்வெட்டியாலும் நெருப்பாலும் ஆகாத வேலை.

இவ்வளவும் தெரிந்த பிறகும் உலகம் நஞ்சின் பக்கம் போனது ஏன்? விஷம் உடனே தெரியும். இன்று அடித்தால் நாளை பூச்சி கீழே கிடக்கும்; வண்டுக்கு இரண்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் டி.டி.டி. சந்தைக்கு வந்தது. அதன் பூச்சி கொல்லும் திறனைக் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசுக்கு முன்பே பாடம் கிடைத்துவிட்டது என்பதுதான் வருத்தம். 1946, 1947 ஆண்டுகளில் கலிஃபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு டி.டி.டி. அடித்தார்கள். வெடாலியா செத்தது. ஐம்பது ஆண்டுக்கு மேலாக அடங்கிக் கிடந்த பஞ்சுப்பொதிச் செதில் பூச்சி மறுபடி மரங்களை வெளுக்க வைத்தது. மருந்தடிப்பை நிறுத்தி, வண்டை வேறிடத்திலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகே தோட்டம் தேறியது. ரேச்சல் கார்சன் 1962-ல் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ நூலில் இந்த நிகழ்ச்சியையும் எடுத்துச் சொல்கிறார்.

செடியைத் தின்னும் பூச்சி மெழுகுக்குள்ளும் சுருண்ட இலைக்குள்ளும் ஒளிந்திருக்கும். அதைத் தேடி அலையும் வண்டும் குளவியும் இலையின் மேற்பரப்பு முழுக்க நடந்து திரியும். அடித்த நஞ்சை அதிகம் மிதிப்பது காவல்காரன்தான். தப்பிய பூச்சி சில வாரத்தில் பெருகும். தப்பிய வண்டு பெருக மாதங்களாகும். அந்த இடைவெளியில் மறுபடி மருந்து, மறுபடி செலவு. தோட்டம் இப்படித்தான் கடனாளியாகிறது.

நம் கண்முன்னே நடந்ததைப் பார்ப்போம். 2008-ல் கோயம்புத்தூர் வட்டாரத்தில் பப்பாளி மரங்களில் புதிய மாவுப்பூச்சி ஒன்று தென்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி, தேக்கு என்று ஏறியது. கொங்கு நாட்டுப் பட்டு விவசாயிகள் மல்பெரித் தோட்டங்களை அழிக்கும் நிலைக்கு வந்தார்கள். வாரம் தவறாமல் மருந்தடித்தவர்கள் உண்டு. பூச்சியின் மேல் மாவுபோல் படிந்த மெழுகில் மருந்து ஒட்டவில்லை. மல்பெரி இலைக்கு நஞ்சடித்தால் அதைத் தின்னும் பட்டுப்புழுவும் சாகும். அவர்கள் நிலை இருபுறமும் அடிபட்ட நிலை.

2010 ஜூலையில் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம், கரீபியன் கடலின் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தது. மிகச் சிறிய குளவிகள், மனிதரைக் கொட்டத் தெரியாதவை. மாவுப்பூச்சியின் உடலில் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்து தின்று வளர்ந்து, கூட்டை ஓட்டையிட்டு வெளியே வரும். தேனீக்கும் பட்டுப்புழுவுக்கும் அவற்றால் தீங்கில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் துணையோடு அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து வயல்களில் விட்டார்கள். மூன்றில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி பிய்த்து உதறிவிட்டது. ஓராண்டுக்குள் மாவுப்பூச்சி பேச்சற்றுப் போனது. விவசாயி அதற்காக ஒரு காசும் தரவில்லை. இன்று நீங்கள் தின்னும் பப்பாளியில் அந்தக் குளவியின் உழைப்பு இருக்கிறது.

பிறகு 2020-ல் மரவள்ளிக்கென்றே ஒரு மாவுப்பூச்சி கேரளத்தில் தென்பட்டுத் தமிழ்நாட்டுக்குள்ளும் வந்தது. 1970-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளிக் காடுகளைச் சூறையாடியது அதே பூச்சி. அங்கே ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்து அறிஞரின் குழு தென் அமெரிக்காவின் பராகுவேயிலிருந்து கொண்டுபோன குளவி அதை அடக்கியது. அதற்காக 1995-ல் அவருக்கு உலக உணவுப் பரிசு தந்தார்கள். நம்மவர்கள் அந்தக் குளவியை மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெற்று, 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் தொடங்கி மரவள்ளித் தோட்டங்களில் விட்டார்கள்.

சீனத்து எறும்பு என்னவாயிற்று? 1910-களின் இறுதியில் கான்டன் கிறித்தவக் கல்லூரியின் ஜார்ஜ் கிராஃப், ஆரஞ்சு ரகங்களைத் தேடிப் போன இடத்தில் எறும்பு வளர்ப்பையே தொழிலாகக் கொண்ட கிராமத்தைக் கண்டார். 1924-ல் அவரும் ஹோவர்டு என்பவரும் அதை விரிவாக எழுதினார்கள். வியட்நாமின் மெக்காங் கழிமுகத்தில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் அதே எறும்பை வளர்த்துவந்தார்கள். ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ரென்காங் பெங், கீத் கிறிஸ்டியன் இருவரும் 1990-களிலிருந்து முந்திரியிலும் மாவிலும் அதைச் சோதித்து, மருந்தடித்த தோட்டத்துக்குக் குறையாத விளைச்சலைக் காட்டினார்கள். முசுறுக்கும் குறை உண்டு. தேன்போன்ற கழிவுக்காகச் சில செதில் பூச்சிகளையும் மாவுப்பூச்சிகளையும் அதுவே காத்து வளர்க்கும். காய் பறிப்பவரைக் கடிக்கும். இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் தோட்டக்காரர்கள் அதை வைத்துக்கொண்டார்கள்.

காவல் பூச்சியைக் கொண்டுவந்து விடுவது மட்டுமல்ல, இருப்பதைக் கொல்லாமல் விடுவதும் வேண்டும். 2016-ல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் சுருள் வெள்ளை ஈ தென்பட்டபோது, ரசாயன மருந்து அடிக்காதீர்கள் என்று வேளாண் விஞ்ஞானிகள் மன்றாடினார்கள். வெள்ளை ஈயின் பின்னாலேயே என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவியும் வந்திருந்தது. நஞ்சடித்த தோப்பில் முதலில் போவது அதுதான். ஓலையில் படியும் கரும்பூசணத்துக்கு மைதா மாவுப் பசையைக் கரைத்துத் தெளிக்கச் சொன்னார்கள். காய்ந்ததும் கறுப்பு உரிந்து விழும். கேட்டவர்களும் உண்டு, கேட்காமல் அடித்தவர்களும் உண்டு.

வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவரையில் அசுவினி, செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்று கண்டதும் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். அசுவினிக் கூட்டத்துக்குள் குட்டி முதலை போன்ற கறுப்புப் புழு ஊர்ந்தால் அது பொறிவண்டின் குஞ்சு. மாவுப்பூச்சிகளுக்கு நடுவே அவற்றைப் போலவே வெள்ளை மெழுகு போர்த்து, ஆனால் பெரிதாகவும் சுறுசுறுப்பாகவும் ஒன்று நகர்ந்தால் அது கிரிப்டோலேமஸின் குஞ்சு. பூச்சி என்று நினைத்துப் பலர் முதலில் நசுக்குவது இவற்றைத்தான். விட்டுவிடுங்கள். பத்துப் பதினைந்து நாள் பொறுத்துப் பாருங்கள். அப்போதும் பூச்சி குறையாவிட்டால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், அல்லது பூச்சி இருக்கும் கிளையை மட்டும் வெட்டி எடுங்கள்.